சம்பளத்தைக் குறைக்க உங்கள் சம்மதம் வேண்டும்

"செம்பனை (பாமாயில் தரும் பனை) விலை சரிந்தால் நிர்வாகம் தன் விருப்பப்படி சம்பளத்தைக் குறைக்கலாம், சட்டம் இடம் தருகிறது" என்று சிலர் சொல்வது தவறு. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் இதை நம்பிப் பலர் வாய்மூடி இருந்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அப்படியொரு நெருக்கடி விலக்கே இல்லை. ஒப்பந்தச் சம்பளத்தைக் குறைக்கத் தொழிலாளியின் சம்மதம் தேவை. சம்மதித்தாலும் மாதம் 1,700 ரிங்கிட் என்ற குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே இறக்க முடியாது.

ஆபீசில் கிராணி (தோட்ட எழுத்தர்) ஒரு மலாய்க் கடிதத்தை நீட்டி, அடியிலுள்ள கோட்டைக் காட்டி, "சும்மா ஒரு கையெழுத்து" என்பார். அந்தக் கையெழுத்துதான் சம்மதம்! படித்துப் புரியாமல் போடாதீர்கள், அண்ணன்மாரே, அக்காமாரே. மறுப்பை எழுத்தில் கொடுங்கள். பேசாமல் வேலையைத் தொடர்ந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படலாம். சம்பளத்தில் பிடித்துக்கொண்ட பணத்துக்குச் சம்பளச் சீட்டோடு தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.