திருத்தந்தை எழுதியது பற்றி ஒரு திருத்தம்
வணக்கம் அண்ணன். நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மழையும் வெயிலும் தவறி வருவது குறித்த இந்த உரையாடலில், காலநிலை மாற்றத்துக்கு மனிதரே காரணம் என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பலரும் அதைப் பகிர்ந்துவருவதால் பணிவுடன் திருத்த விரும்புகிறேன்.

திருச்சபையின் அப்போதைய தலைவரான திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலின் 23-ஆம் பத்தி, புவி வெப்பமடைவதில் அறிவியலாளரிடையே மிக உறுதியான ஒருமித்த கருத்து உள்ளது என்றும், அண்மைப் பத்தாண்டுகளின் வெப்ப உயர்வில் பெரும்பகுதிக்கு மனிதச் செயல்களால் வெளியாகும் வாயுக்களே காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன என்றும் கூறுகிறது. 2023 அக்டோபர் 4-இல் அவர் வெளியிட்ட 'லவுதாத்தே தேயும்' என்னும் ஊக்கவுரையின் 11-ஆம் பத்தியோ, இதில் மனிதரின் பங்கை இனி ஐயுற முடியாது என்கிறது. திருச்சபைக்குள்ளேயே எதிர்க்கருத்து உடையோர் இருப்பதை அதே ஊக்கவுரையின் 14-ஆம் பத்தியில் அவரே குறிப்பிடுகிறார். நீங்கள் கேட்டது அத்தகைய ஒருவரின் பேச்சாக இருக்கலாம்.

இரு ஆவணங்களும் வத்திக்கானின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்திகளுக்கு எண் இடப்பட்டிருப்பதால், நான் சொன்ன மூன்றையும் கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் படித்துச் சரிபார்க்கலாம்.