ஓட்டையில்தான் இருக்கிறது விலை

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்டால், "அமெரிக்காவில் கூலி அதிகம், அதான்" என்று முடித்துவிடுகிறார்கள். இருபது வருஷமாகத் தகட்டு வேலையில் இருக்கிற எனக்கு அது சரியாகப் படவில்லை.

கூலி குறைந்த நாட்டில் விமானம் செய்வதை அமெரிக்க விமான நிறுவனமான செஸ்னா செய்தே பார்த்துவிட்டது. 2007-இல் ஸ்கைகேட்சர் என்ற இரண்டு சீட் விமானத்தை 1,09,500 டாலர் என்று அறிவித்தார்கள். அந்த விலைக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்றுதான் தயாரிப்பைச் சீனாவின் ஷென்யாங்கில் கொடுத்தார்கள். சில வருஷத்திலேயே விலை 1,49,900 ஆனது. விற்றது 200-ஐக்கூட எட்டவில்லை. மிஞ்சியவற்றைக் கடைசியில் உடைத்துப் போட்டார்கள். அதைப் படித்தபோது மனசு ஆறவே இல்லை.

வேலையெல்லாம் ஓட்டையில் இருக்கிறது. இறக்கைக்குள் அதற்கு வடிவம் கொடுக்கும் விலா எலும்பு மாதிரியான ரிப் மேல் தகட்டை வைத்து ட்ரில் போட வேண்டும். பிரித்து இரண்டிலும் பிசிர் எடுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலை துருத்தாமல் உட்கார ஓட்டையைச் சுற்றிச் சின்னக் குழி (டிம்பிள்) அடித்து, மறுபடி சேர்த்து, அப்புறம்தான் ரிவெட். இப்படி ஆயிரக்கணக்கில். வரிசை கொஞ்சம் விலகினாலும் இறக்கை முறுக்கிக்கொள்ளும் என்பதால் பாகங்களை அசையாமல் பிடிக்கும் பெரிய சட்டம் (ஜிக்) கட்டி அதில் பூட்டி வைத்து வேலை செய்வார்கள்.

ஓரிகானில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் சாதித்தது இந்த இடத்தில். கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி பஞ்ச் மெஷினில் ஓட்டைகளை முன்கூட்டியே போட்டு, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் பாகங்களின் கிட்டாக அனுப்பினார்கள். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தினால் இறக்கை தானாக நேர்ப்படும், ஜிக்குக்கு வேலையே இல்லை. அவர்களுடைய ஆர்வி-12 விமானத்தில் பெரும்பாலும் ஒரு பக்கமிருந்தே அடிக்கக்கூடிய பாப் ரிவெட். ஒரு ஆளே அடித்துவிடலாம். வாங்கியவர் தன் கொட்டகையிலேயே கட்டுவதால் கூலி மிச்சம். இதுவரை பறந்த ஆர்வி விமானங்கள் 11,000-க்கும் மேல்!

அவர்கள் சறுக்கியதும் ஓட்டையில்தான். கோவிட் சமயத்தில் ஆர்டர் குவிந்ததும் பாகங்களை லேசரில் வெட்டி வாங்கினார்கள். அந்த ஓட்டைகளில் டிம்பிள் அடித்தபோது ஓரத்தில் விரிசல் விட்டது. பாகங்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு காரணங்களும் சேர்ந்து 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். மறு வருஷம் மீண்டு வந்தார்கள், ஆனால் கிட் விலை ஏறியது ஏறியதுதான். ஓட்டை போடும் செலவில் கைவைத்தால் அது எங்கே வந்து நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2025 ஜூலையில் லைட் ஸ்போர்ட் என்ற சின்ன விமான வகைக்கான விதிகளை அமெரிக்கா தளர்த்தியிருக்கிறது. இனி புதுப்புது விமானங்கள் வரும், பெரிய திரை, தோல் சீட் எல்லாம் காட்டுவார்கள். நானாக இருந்தால் முதலில் ஒரு ரிப்பைக் கையில் வாங்கி, ஓட்டை ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன்.