கொரோனா பேட்ச் டாக்டர்களும் மண்ணீரலும்

"நீங்க கொரோனா பேட்ச்சா? அப்போ செல்போன்ல படிச்ச டாக்டர்!" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோயாளிகள் சொன்னால் சரி என்று விட்டுவிடலாம். சீனியர் டாக்டர்களே சொல்கிறார்கள். ஆன்லைன் வகுப்பு பிடித்துப்போனவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்ற நினைப்பு அதற்குள் இருப்பதால்தான் இந்தப் பதிவு.

2020 மார்ச்சில் கல்லூரியை மூடியபோது நான் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. வீடு நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில், சேரம்பாடி பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் லைன் வீடுகளில். பேத்தாலஜி, பார்மகாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் ஒரு செல்போனுக்குள் வந்து உட்கார்ந்தன.

உண்மையைச் சொன்னால், லெக்சரைப் பொறுத்தவரை எங்களில் நிறையப் பேருக்கு அது பிடித்திருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரும் ஹாலில் கடைசி வரிசைக்கு என்ன கேட்கும்? பீட்டா பிளாக்கர் மருந்துகள் பற்றிய பாடத்தை வீடியோப் பதிவாகக் கொடுத்தால் புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்து தொடரலாம். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததும் அதே 2020இல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு, ஆசிரியரை நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிந்த லெக்சர் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் இதெல்லாம் சிக்னல் இருந்தால்தானே. ஜூன் மாதம் மழை பிடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் போகும். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் தீரும், அப்புறம் போன் வெறும் டார்ச்தான். மழை இல்லாத நாளில் தேயிலைக் காட்டு மேட்டில் ஏறினால் இரண்டு புள்ளி கிடைக்கும். மேட்டில் யானை நின்றால் அதுவும் இல்லை. யானை வந்ததால் வகுப்புக்கு வரவில்லை என்று ஆப்சென்ட் போட்டவரிடம் எப்படி எழுதி அனுப்புவது?

அந்தச் சமயத்தில் ஆளாளுக்கு ஓர் ஆய்வு நடத்தினார்கள். 'இணையவழிக் கல்வி குறித்த உங்கள் மனநிலை': முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் வரை ஐந்து வட்டங்கள். எனக்கு வந்தவை எல்லாமே வாட்ஸ்அப்பில் வந்த கூகுள் படிவங்கள். நெட் கிடைப்பவர்களிடம் நெட்டிலேயே கேட்டு நெட் வகுப்பு எப்படி என்று முடிவு எழுதினால் அது யாருடைய மனநிலை? மேட்டில் நிற்கிற பிள்ளை, கிடைக்கிற இரண்டு புள்ளியில் பாடத்தை இறக்குமா, படிவத்தை நிரப்புமா? 'மாணவர்கள் வரவேற்கிறார்கள்' என்று எங்கே படித்தாலும், படிவம் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இன்னொரு கோளாறு, அந்தப் படிவங்கள் லெக்சரையும், வார்டில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கற்கிற போஸ்டிங்கையும் ஒரே கேள்வியில் போட்டுக் குழப்பின. எங்கள் மனதில் அந்தக் குழப்பம் இல்லை. திரையில் வார்டு போஸ்டிங் நடத்தியதை விரும்பியதாகச் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

மண்ணீரல் பெருத்திருக்கிறதா என்று கையால் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது அடிவயிற்றில் கையை வைத்து, நோயாளி மூச்சை இழுக்க இழுக்க விரல்களை இடது விலாப் பக்கம் நகர்த்த வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது மண்ணீரல் இறங்கி வந்து விரலில் தட்டும். இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் அது கைக்கே அகப்படும். எவ்வளவு அழுத்துவது, குழந்தை வயிற்றை இறுக்கிக்கொண்டால் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதை வீடியோவில் ஆயிரம் முறை பார்த்தாலும் கை கற்றுக்கொள்ளாது. எங்கள் மலையில் இது சும்மா பரீட்சைக்கான விஷயமும் இல்லை. சிறு குழந்தைகளின் மண்ணீரலைப் பெருக்க வைக்கிற சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். கூடலூர், பந்தலூர் பக்கம் ரத்தசோகையோடு வருகிற பணியர் பழங்குடி வீட்டுக் குழந்தையின் வயிற்றில் கை வைக்கும்போது டாக்டருக்கு மண்ணீரல் தெரிந்தாக வேண்டும்.

இது மேலிடத்துக்கும் தெரியும். வெளிநாட்டில் படித்து, கொரோனாவாலும் உக்ரைன் போராலும் ஊர் திரும்பி, கடைசி ஆண்டை ஆன்லைனில் முடித்தவர்கள் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பயிற்சி செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்னது. அதில் எனக்கு மறுப்பில்லை. உள்ளூரில் போஸ்டிங் நாட்களை இழந்த எங்களுக்கு அதே அக்கறை ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. கல்லூரி திறந்ததும் பாடத்தை முடிக்கிற அவசரம்தான் பெரிதாக இருந்தது. எங்கள் போஸ்டிங்கைச் சுருக்கினார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றோம். முன்னால் நின்றவனுக்கு நோயாளி, பின்னால் நின்றவனுக்கு முன்னால் நின்றவனின் கோட்டு.

அதைவிடக் கோபம், நல்லதாக வந்த ஒன்றையும் தூக்கிப் போட்டதில். எங்கள் கல்லூரியைத் திறந்த கையோடு லெக்சர் பதிவுகளை நிறுத்திவிட்டார்கள். பதிவு இருந்தால் பசங்க வகுப்புக்கு வரமாட்டார்களாம். தியரிக்கு 75 சதவீத வருகை கட்டாயம் என்று விதி இருக்கும்போது வராமல் எங்கே போவார்கள்?

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. மலைப் பிள்ளைகள் மலையிலேயே டாக்டருக்குப் படிக்கலாம் என்பது என் காலத்தில் இல்லாதது. அங்கேயாவது ஒவ்வொரு லெக்சரையும் பதிவு செய்து, நெட் இல்லாத வீட்டுக்கும் போகிற மாதிரி பென் டிரைவில் கொடுக்கட்டும். பதிவைப் பார்த்துவிட்டு வந்த வகுப்புக்குப் பாதி நேரம் போதும். மிச்ச நேரத்துக்கு வார்டுக்கு அனுப்புங்கள், ஒரு கட்டிலுக்கு நான்கைந்து பேருக்கு மேல் போகாமல்.