மைதானம் முதலில், கிண்ணம் கடைசியில்

2021 ஒக்டோபர் முதலாம் திகதி கொரோனா ஊரடங்கு நீங்கியது. அந்த வாரமே யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதி விளையாட்டுக் கழகங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுப்போட்டிப் பேச்சு தொடங்கிவிட்டது. ஒருவர் அணிக்கு ஒன்பது பேர் ஆடும் உதைபந்தாட்டத் தொடர் என்கிறார். இன்னொருவர் மின்னொளியில் கரப்பந்தாட்டம் என்கிறார். கிண்ணத்துக்கும் பணப்பரிசுக்கும் கனடாவிலிருந்து ஆள் தயாராக இருக்கிறாராம். இந்த அவசரம் எனக்கு நன்றாகவே புரிகிறது. மைதானத்தில் புல் முழங்காலளவுக்கு வளர்ந்து கிடக்கிறது. ஆட வேண்டிய பையன்கள் சனசமூக நிலையத்து விறாந்தையில் கைத்தொலைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்கிறேன்: சுற்றுப்போட்டியோடு தொடங்காதீர்கள். மைதானத்தை நாளைக்கே திறவுங்கள். கிண்ணத்தைக் கடைசியில் வையுங்கள்.

கடந்த ஒன்றரை வருடத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் முதல் வாரத்தில் வடக்கின் பெரும் போர் என்ற பாடசாலைத் துடுப்பாட்டப் போட்டி வழக்கம்போல் சனக்கூட்டத்தோடு நடந்தது. இரண்டு வாரத்தில், மார்ச் 20ஆம் திகதி, நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதன் பிறகு எங்கள் மைதானங்களுக்கு இரண்டே நிலைமைகள்தான் இருந்தன. ஒன்று, முழுப் பூட்டு. பூட்டு கழன்றதும், நாலு ஊர்ச் சனம் தோளோடு தோள் முட்டி நிற்கும் இறுதியாட்டம். நடுவில் எதுவும் கிடையாது. இறுதியாட்டத்துக்குப் பிறகு எங்கேயாவது ஒரு தொற்று வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், மறுபடி பூட்டு விழும். தனியாக ஓடிக்கொண்டிருந்த பையனுக்கும் சேர்த்தே அந்தப் பூட்டு. அவன் யாருக்கு என்ன தீங்கு செய்தான்?

நடுவில் எத்தனையோ படிகள் இருக்கலாம் என்பதை நான் கண்டது றக்பியில். யாழ்ப்பாணத்தில் உதைபந்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் இருக்கும் வேர் றக்பிக்கு இல்லை. எனக்கும் அது தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம்தான். ஆனால் அக்காவின் மகன் லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர்க் கழகத்தில் ஆடுகிறான். சம்பளம் இல்லாத ஆட்டம். வேலை முடிந்து மாலையில் பயிற்சி, சனிக்கிழமை போட்டி, எங்கள் ஊர்க் கழகம் போலத்தான். முன்வரிசையில் நிற்பவன் என்பதால் ஆளும் அதற்கேற்ற பருமன். அவனோடு தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் அவர்களுடைய ஆட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இங்கிலாந்தின் றக்பிச் சங்கம் 2020 மார்ச் 20ஆம் திகதி ஊர்க் கழகங்களின் பருவத்தையே முடித்துவிட்டது. எங்களுக்கு ஊரடங்கு வந்த அதே நாள். பிறகு அவர்கள் செய்த காரியம்தான் என்னைக் கவர்ந்தது. ஆட்டத்தை எப்போது திறப்பது என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்காமல், ஆட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆபத்துக் குறைந்த பகுதியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏ முதல் எஃப் வரை படிகள். முதலில் தனியாக ஓடலாம், உடற்பயிற்சி செய்யலாம். அடுத்து, இடைவெளி விட்டுச் சிறு குழுவாகப் பயிற்சி. பிறகு உடல் முட்டாத ஒரு விளையாட்டு: எதிராளியைக் கட்டிப்பிடித்து விழுத்துவதற்குப் பதிலாகத் தொட்டாலே போதும். அதன் பிறகே, அளவோடு, உடல் மோதும் பயிற்சி. அதற்கும் பிறகு அடுத்த கழகத்தோடு போட்டி. போட்டி வந்தபோதும் ஸ்க்ரம் இல்லை, மோல் இல்லை.

ஸ்க்ரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோளைக் கோத்துக்கொண்டு குனிந்து முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசைக்காரர்களின் தலைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். ஒருவர் விடும் மூச்சை மற்றவர் வாங்கும் தூரம். பந்தைச் சுற்றி நின்றபடி கட்டிப்பிடித்துத் தள்ளும் கும்பல்தான் மோல். 2020 மே மாத இறுதியில் உலக றக்பி அமைப்பு பத்துத் தற்காலிக விதி மாற்றங்களை முன்வைத்தது. விரும்பிய நாடுகள் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. வீரர்கள் எவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் நெருங்கி நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அந்த நேரம் எங்கே கூடுகிறதோ அங்கே விதியை மாற்றிப் பார்த்தார்கள். குலைந்த ஸ்க்ரமை மறுபடி மறுபடி அமைக்க வைப்பதை நிறுத்துவது அதில் ஒன்று. அதோடு எச்சில் துப்பக் கூடாது, வட்டமாகத் தோள்கோத்து நிற்கக் கூடாது, கையும் முகமும் சுத்தம் செய்ய வேண்டும் என்ற சுகாதார ஒழுங்குகளும் வந்தன.

மருமகனுக்கு இது பெரும் மனக்கஷ்டம். ஸ்க்ரம் இல்லாவிட்டால் முன்வரிசைக்காரனுக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் பயிற்சிக்குப் போனான். வாசலில் ஒருவர் பெயர்ப்பட்டியலோடு நிற்பார், காய்ச்சல் இருமல் உண்டா என்று கேட்பார், வந்தவர் பெயரைக் குறித்துக்கொள்வார். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். உடை மாற்றும் அறை பூட்டு, வீட்டிலிருந்தே உடுத்திக்கொண்டு வர வேண்டும். முடிந்ததும் நேரே வீடு. நவம்பரில் அந்த நாடும் மறுபடி மூடியது, ஜனவரியில் இன்னொரு முறை. 2021 மார்ச் 29ஆம் திகதி வெளியரங்க விளையாட்டுகள் திரும்பின. ஏப்ரல் கடைசியில் ஸ்க்ரமும் மோலும் இல்லாமல் கழகங்களுக்கிடையே போட்டிகள். முழு விதிகளோடு லீக் தொடங்கியது 2021 செப்டம்பரில்தான். பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமைக் காலத்திலும், நாடு மூடிக் கிடந்த மாதங்கள் போக, வாரத்துக்கு ஓர் அந்தியாவது புல்லில் கால் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதை எங்கள் ஆட்டங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். எங்களிடம் றக்பிக்கு நெருங்கிய உறவு கபடி. பாடிக்கொண்டு போகிறவர் அடக்கிய மூச்சோடு உள்ளே போகிறார். நாலைந்து பேர் பாய்ந்து அமுக்குகிறார்கள். மூச்சு விடுபடும் இடம் பிடித்தவனின் முகத்துக்கு நேரே. ஆகவே கபடி பொறுத்திருக்க வேண்டிய ஆட்டம். கரப்பந்தாட்டத்தில் நடுவில் வலை இருக்கிறது, எதிரணியோடு உடல் படுவது அரிது. உதைபந்தாட்டம் இரண்டுக்கும் இடையில். பந்தைக் கொடுத்து வாங்கும் பயிற்சிக்கும், மூலை உதைக்குக் கோல் வாசலில் பத்துப் பேர் இடித்துக்கொண்டு நிற்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. கிளித்தட்டில் கோட்டில் நிற்பவன் தொட்டாலே ஆள் அவுட், கட்டிப்பிடிக்கும் வேலையே இல்லை. அவர்கள் யோசித்து உருவாக்கிய தொடு விளையாட்டு எங்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு, ஒரே திறப்பு என்பது அறிவுக்குப் பொருந்தவில்லை.

இன்னொரு விடயம் இதைவிடவும் பெரியது. இங்கிலாந்தில் றக்பி லீக் என்ற, றக்பியின் இன்னொரு வகை ஆட்டத்தில், 2020இல் நாலு போட்டிகளில் ஆடிய எட்டு வீரர்கள் அப்போது தொற்றோடு இருந்தது பின்னர் தெரியவந்தது. ஒளிப்பதிவைப் பார்த்து, அவர்களோடு யார் யார் நெருங்கினார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஆட்டத்துக்குள் தொற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிறகு தொற்று வந்த சிலருக்கும் அது ஆட்டத்துக்கு வெளியேயான தொடர்புகளால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். சிறிய ஆய்வுதான், டெல்டா என்ற வைரஸ் திரிபு வருவதற்கு முன் நடந்ததுதான். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. கோட்டுக்கு உள்ளே மட்டும் பார்த்தால் போதாது, கோட்டுக்கு வெளியே பார்க்க வேண்டும்.

கோட்டுக்கு வெளியே எங்கள் மைதானத்தில் என்ன இருக்கிறது? ஒரு வாளி. நீலப் பிளாஸ்ரிக் வாளியில் குளுக்கோஸ் கரைத்து, தேசிக்காய் பிழிந்து, ஐஸ் கட்டி போட்டிருக்கும். வாளிக்குள் ஒரே பேணி மிதக்கும். இடைவேளை விசில் ஊதியதும் அத்தனை பேரும் வாளியைச் சூழ்ந்துகொள்வார்கள். அண்ணாந்து குடிப்பதுதான் எங்கள் பழக்கம் என்று பெருமையாகச் சொல்லலாம். ஓடிக் களைத்தவனுக்கு அண்ணாந்து குடிக்கப் பொறுமை ஏது? உதடு படும். மிச்சம் வாளிக்கே திரும்பும். அடுத்தவன் அதே பேணியால் அள்ளுவான். மாற்று வீரன் உள்ளே போகும்போது, வெளியே வந்தவன் கழற்றிய ஈர ஜேர்சியைப் போட்டுக்கொண்டு போவான். ஆட்டம் முடிந்ததும் ஒரு பட்டா வாகனத்தில் (சிறிய லொறி) இருபது பேர் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பரிசளிப்பில் ஒரே ஒலிவாங்கி பத்துப் பேரின் வாய்க்குப் போகும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தைத் தடைசெய்துவிட்டு இந்த வாளியை விட்டுவைத்தால் யாருக்கு என்ன பயன்? ஆளுக்கொரு போத்தல் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

சந்தை திறந்திருக்கிறது, பஸ்ஸில் சனம் நெரிகிறது, கல்யாண மண்டபங்கள் இயங்குகின்றன, விளையாட்டுக்கு மட்டும் ஏன் படிகள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. விளையாட்டை நான் பின்னுக்குத் தள்ளவில்லை, எல்லாவற்றுக்கும் முன்னால் திறக்கச் சொல்கிறேன். திறந்ததை மறுபடி மூட வேண்டி வராத ஒழுங்கில் திறக்கச் சொல்கிறேன். சந்தையில் நாலு பேருக்குத் தொற்று வந்தாலும் சந்தை ஒரு கிழமையில் திறந்தே ஆக வேண்டும், ஊர் சாப்பிட வேண்டும். மைதானத்துக்காக வாதாட யாரும் வரமாட்டார்கள். ஒரு சுற்றுப்போட்டியால் பலருக்கு ஒன்றாகத் தொற்றுப் பரவிக் கொத்தணி ஒன்று உருவானால் அடுத்த ஆறு மாதத்துக்கு விளையாட்டு என்ற பேச்சையே எடுக்க முடியாது. தடுப்பூசி போட்டாயிற்று என்பதும் பெரியவர்களின் கதை. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஊசி போயிருக்கவில்லை. அரசாங்கமே அந்த மாதம் பாடசாலைகளைப் படிப்படியாகத்தான் திறக்கத் தொடங்கியது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒக்டோபர் 21ஆம் திகதி என்று அறிவித்தார்கள்.

அது வெள்ளைக்காரன் நாடு, அவனிடம் காசு இருக்கிறது என்றும் சொல்வார்கள். பெயர் எழுத ஒரு கொப்பி, சவர்க்காரம் ஒரு கட்டி, கை கழுவ ஒரு குழாய். மருமகனின் கழகத்தில் நான் கேட்டறிந்ததில் இதைவிடப் பெரிய செலவு எதுவும் இல்லை.

காசு என்றதும் வெளிநாட்டு உறவுகளிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தகப்பனார் பெயரில், நண்பன் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைக்க விரும்புகிறீர்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். எங்கள் மைதானங்கள் பாதி உங்கள் பணத்தில்தான் நிற்கின்றன. ஆனால் கிண்ணத்துக்குப் பணம் வந்த உடனேயே திகதி குறிக்கப்படுகிறது, திகதி குறித்தபின் யாராலும் பொறுக்க முடிவதில்லை. இந்த முறை பணத்தை மைதானத்துக்கு அனுப்புங்கள். புல் வெட்டுங்கள், குழாய் போடுங்கள், பிள்ளைகள் கூடி ஒரே பந்துக்கு அடிபடாமல் பத்துப் பந்து வாங்கிக் கொடுங்கள். கிண்ணத்தை அடுத்த வருடம் வைப்போம், அதே பெயரில்.

இன்னும் ஒரு கவலை என்னை அரிக்கிறது. மைதானம் திறந்தால் பையன்கள் யாரும் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்கள் தேசிய அளவில் உதைபந்தில் பெயரெடுத்த பிறகுதான் எத்தனையோ தாய் தகப்பன்மார் தங்கள் மகளை மைதானத்துக்கு விட்டார்கள். ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த பிள்ளையை மறுபடி அனுப்பச் சொன்னால், கொரோனா காலம்தானே, இனி எதற்கு என்பார்கள். பதினைந்து வயதில் நின்ற பிள்ளை பதினேழு வயதில் தானாகத் திரும்பி வராது. வீட்டுப் படலைக்குப் போய்க் கூப்பிட வேண்டும். எத்தனை பேர் பயிற்சியில், யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு முடியும் என்று தாய்க்குச் சொல்ல வேண்டும். ஆறு பேர் கொண்ட சின்னக் குழு என்றால் அந்தத் தாய் சம்மதிக்கக்கூடும். ஆயிரம் பேர் கத்தும் சுற்றுப்போட்டி என்றால் சம்மதிக்கவே மாட்டாள்.

உடம்பும் ஒரு காரணம். மாதக்கணக்கில் ஓடாத காலை ஒரே நாளில் இறுதியாட்ட வேகத்துக்கு இழுத்தால் தொடைத் தசை கிழியும், முழங்கால் பிசகும். கூலி வேலைக்குப் போகும் பையன் ஆறு கிழமை நொண்டினால் அந்த வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு? கழகம் தைலம் வாங்கிக் கொடுப்பதோடு சரி.

நல்ல வேளையாகக் காலமும் எங்களுக்கு ஒத்துவருகிறது. மாரி தொடங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் மைதானங்களில் பாதி வெள்ளத்தில் நிற்கும், பெரிய தொடரை எப்படியும் ஒழுங்காக நடத்த முடியாது. இந்த இரண்டு மூன்று மாதத்தைப் படிகளாக எடுத்துக்கொள்ளலாம். மழை விடும் அந்திகளில் முதலில் ஓட்டமும் உடற்பயிற்சியும், ஆறாறு பேராக. நவம்பரில் பந்தோடு பயிற்சி, சிறியவர்களுக்குக் கிளித்தட்டு. டிசம்பரில் கழகத்துக்குள்ளேயே சின்னப் போட்டிகள், பார்வையாளர் இல்லாமல். தை பிறந்தபின், நிலைமையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறிந்து, பக்கத்து ஊரோடு ஒரு நட்புப் போட்டி. கபடியும், கிண்ணமும், சனக்கூட்டமும் அதற்குப் பிறகு. தொற்றுக் கூடினால் ஒரு படி கீழே இறங்குவோம், வாசலைப் பூட்ட வேண்டியதில்லை. படிகள் இருந்தால்தான் ஒரு படி இறங்கவாவது முடியும்.

வரும் ஞாயிறு எங்கள் கழகத்தின் நிர்வாகக் கூட்டம் சனசமூக நிலையத்தில் நடக்கிறது. இதை அங்கே எழுத்தில் கொடுக்கப் போகிறேன். மற்றக் கழகங்களின் செயலாளர்கள், பயிற்றுநர்கள் இதை வாசித்தால் உங்கள் கூட்டத்திலும் எடுத்துப் பேசுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், ஞாயிறுக்கு முன் எழுதினால் அதையும் கூட்டத்தில் வாசிக்கிறேன். நீல வாளியை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.