அந்த 'கும்'முக்கு 48 ஆயிரமா?

ஒன்றரை மாதமாக அடக்கி வைத்திருந்தேன், இன்று கொட்டிவிடுகிறேன்.

என் கார் ஏ.எம்.டி., அதாவது கிளட்ச் பெடல் இல்லாத வண்டி. கியர் பாக்ஸ் சாதாரண மேனுவல்தான், கிளட்சை அமுக்குவதும் கியர் மாற்றுவதும் மட்டும் நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்கிற கருவி. குரோம்பேட்டை சிக்னலில் நியூட்ரலில் நின்றுவிட்டு, கிளம்ப டி-க்கு (டிரைவ்) லிவரைத் தள்ளினால் கியர் விழவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து நாலு தரம் ஆட்டினால் ஐந்தாவது தரம் விழும், அதற்குள் பின்னால் நிற்கும் பஸ்காரர் என் பரம்பரையையே இழுத்துவிடுவார். மீட்டரில் மஞ்சளாக என்ஜின் விளக்கு வேறு.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினார்கள், அந்த எண்ணை அழித்தார்கள், "கிளியர் பண்ணியாச்சு சார்" என்றார்கள், அதற்கு ஒரு பில். என்ன எண் வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்கவில்லை! கோளாறு பதிவான நொடியில் வண்டி என்ன வேகம், ஆர்.பி.எம். எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும், எண்ணை அழித்தால் அதுவும் கூடவே போய்விடும். காய்ச்சல் என்று போனவனிடம் தெர்மாமீட்டரை உதறிக் காட்டி "இறங்கிடுச்சு, வீட்டுக்குப் போங்க" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாம் நாள் விளக்கு திரும்ப எரிந்தது. மறுபடி போனால், "ஆக்சுவேட்டர் போயிருக்கும் சார், செட்டா மாத்திடலாம், 48 ஆயிரம் ஆகும்." போயிருக்கிறது இல்லை, போயிருக்கும். அந்த 'கும்'முக்கு 48 ஆயிரம்!

வயிற்றெரிச்சலில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். அதை மாட்ட ஸ்டீயரிங்குக்குக் கீழே சாக்கெட் இருக்கும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த கார் எல்லாவற்றிலும் உண்டு. பி 0571 என்று வந்தது. பிரேக் சுவிட்ச் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். பிரேக்கை மிதித்தால் பின்னால் பிரேக் லைட்டை எரிய வைக்கிற சுவிட்ச். பிரேக் மிதித்திருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால்தானே அது டி-க்கு விடும்?

தெருமுனை மெக்கானிக் அண்ணன் அந்த எண்ணையும் நம்பவில்லை. வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் தண்ணி ஏறியிருக்கலாம், பேட்டரி வீக்கானாலே கண்ட எண்ணெல்லாம் வரும் தம்பி என்றார். பின்னால் போய் நில்லு என்றார். அவர் மிதிக்கிறார், பிரேக் லைட் ஒரு தரம் எரிகிறது, இரண்டு தரம் எரியவில்லை. சுவிட்சை மாற்றினார், கூலியோடு 650 ரூபாய். அன்றிலிருந்து கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது.

(மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது என்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் தீர்த்துவிடும், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓரங்கட்டுங்கள்.)

ஆக, சர்வீஸ் சென்டர்காரர்கள் இரண்டு தரம் பார்த்து அனுப்பிய வண்டியை நான் பிரேக் லைட் சரியாக எரியாமல் சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒன்றரை மாதம் ஓட்டியிருக்கிறேன். பின்னால் லாரி வருகிற ரோடு ஐயா அது!

நேற்று அந்த சர்வீஸ் சென்டரிலிருந்து போன், சர்வீஸுக்கு மார்க் போடச் சொல்லி. "சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க, இல்லன்னா எங்களுக்குப் பிரச்சினை." போடலாம் என்று லிங்கைத் திறந்தேன். பூஜ்யம் போட வழியில்லை, ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.