பக்லியின் தலையங்கமும் பக்லியின் நாவலும்

பத்திரிகை ஆசிரியர் ஒருவரை மதிப்பிட வேண்டுமானால், தம் இதழில் எதற்கு இடம் கொடுத்தார், எதற்குக் கொடுக்க மறுத்தார் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்கப் பழமைவாதத்தின் தலையாய குரலாக அரை நூற்றாண்டுக் காலம் விளங்கிய வில்லியம் எஃப். பக்லியை அப்படிப் பார்க்கும்போது எனக்குப் பெரும் மதிப்பும் அதே அளவு வருத்தமும் உண்டாகின்றன. அவருடைய அரசியலில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடில்லாதது. ஆனால் அவர் எழுத்தைப் படிக்காமல் ஒதுக்கிவிட என்னால் முடிந்ததில்லை.

1925-இல் நியூயார்க்கில் எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் பத்துப் பிள்ளைகளுள் ஆறாவதாகப் பிறந்தவர் பக்லி. யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு, 1951-இல், அந்தப் பல்கலைக்கழகமே மாணவர்களின் இறைநம்பிக்கையைக் குலைக்கிறது என்று குற்றம்சாட்டி ஒரு நூல் எழுதிப் பெயர் பெற்றார். பிறகு மெக்சிகோ நகரில் சில மாதங்கள் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வில் பணி. 1955 நவம்பரில், முப்பது வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்னதாக, 'நேஷனல் ரிவ்யூ' இதழைத் தொடங்கினார்.

அந்த இதழில் எழுதியவர்களில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகக் கூடியவர்கள் குறைவு. ஒருகாலத்தில் ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியைப் பின்பற்றிய ஜேம்ஸ் பர்ன்ஹாம், கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேறிய ஃபிராங்க் மேயர், மரபைப் போற்றிய ரஸ்ஸல் கிர்க் என்று ஆளுக்கொரு கொள்கை. கம்யூனிச எதிர்ப்பு ஒன்றே அனைவருக்கும் பொது. வாக்குரிமையுள்ள பங்குகள் முழுவதையும் பக்லி தம் கையிலேயே வைத்திருந்ததால் பூசல்கள் இதழை உடைக்கவில்லை. பத்திரிகை தொடர்ந்து நட்டத்தில் ஓடியது. நன்கொடைகளே அதைத் தாங்கின. இந்தப் பின்னணியில்தான் அவர் 1962-இல் செய்த காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அதிபராக இருந்த ஐசனோவரையே கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று சொன்ன ராபர்ட் வெல்ச்சும் அவர் நடத்திய தீவிரக் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜான் பிர்ச் சங்கமும் அப்போது வலதுசாரிகளிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். இதழுக்குப் பணம் தருவோரிலும் சந்தாதாரரிலும் அச்சங்கத்தின் ஆதரவாளர் பலர் இருந்தனர். இருந்தும் பக்லி வெல்ச்சைக் கண்டித்து எழுதினார். 1965-இல் சங்கத்தையே முற்றாக நிராகரித்தார். சொந்த வாசகரின் கோபத்துக்கு அஞ்சாமல் எழுதுவதைக் காட்டிலும் கடினமான கடமை ஆசிரியருக்கு இல்லை.

அதே ஆசிரியரின் இதழில்தான் 1957 ஆகஸ்டில் அந்தத் தலையங்கமும் வந்தது. தென்மாநிலங்களில் வெள்ளையர் சிறுபான்மையாக உள்ள இடங்களிலும் ஆதிக்கம் அவர்களிடமே இருக்கலாம், இப்போதைக்கு முன்னேறிய இனம் அவர்கள்தான் என்று அது வாதிட்டது. அதை அக்காலத்தின் பொதுப்போக்கு என்று சொல்லித் தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தவர் நடத்திய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு வென்று முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. மறுதரப்பின் நியாயம் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. 1965 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினுக்கு எதிராக வாதிட்டபோதும் பக்லி அந்த நியாயத்தை ஏற்கவில்லை. 544-க்கு 164 என்ற வாக்குகளில் தோற்றார்.

எதிர்த்தரப்பைக் கேட்கப் பொறுமையற்றவர் என்று அவரைச் சொல்லவும் முடியாது. 1966 முதல் 1999 வரை அவர் நடத்திய 'ஃபயரிங் லைன்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடதுசாரிச் சிந்தனையாளர் நோம் சோம்ஸ்கியும் கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் கட்சியின் ஹியூயி நியூட்டனும் அமர்ந்து தங்கள் வாதத்தை விரிவாக முன்வைத்திருக்கிறார்கள். இன்றைய செய்தித் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அவற்றைத் தேடிப் பார்க்கலாம்.

பக்லி நாவல் எழுதத் தொடங்கியது ஐம்பது வயதில். 1976 முதல் வெளிவந்த நாவல்களின் நாயகன் பிளாக்ஃபோர்ட் ஓக்ஸ் என்னும் சி.ஐ.ஏ. உளவாளி, மொத்தம் பதினொரு நாவல்கள். எல்லாமே சிறந்தவை என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் உரையாடல் சொற்பொழிவாகிவிடுகிறது. 1978-இல் வந்த 'ஸ்டெயின்ட் கிளாஸ்' வேறு தரத்தது. பிளவுண்ட ஜெர்மனியை ஒன்றிணைக்க எழும் ஓர் இளம் பிரபுவை, சோவியத் ஒன்றியத்துடன் போர் மூண்டுவிடும் என்ற அச்சத்தில் அமெரிக்காவே ஒழித்துவிட முடிவெடுக்கிறது. அந்தப் பணி அவரை நண்பராக மதிக்கும் ஓக்ஸின் தலையில் விழுகிறது. கம்யூனிச எதிர்ப்பில் தம்மைவிட உறுதியான ஒருவனைத் தம் நாடே பலியிடுவதாகப் பக்லி எழுதியிருக்கிறார். தாம் வாழ்நாள் முழுவதும் ஆதரித்த தரப்பின்மீதே அவர் இத்தனை கடுமையான கேள்வியை எழுப்பியதால் அந்த நாவல் என் நினைவில் நிற்கிறது.

அந்தக் கேள்வி கேட்கும் மனம் 1957-இல் தலையங்க மேசையிலும் இருந்திருக்க வேண்டும். 2004-இல் டைம் இதழின் நேர்காணலில், இனப் பாகுபாடு தானாகவே படிப்படியாக மறையும் என்று நம்பியது தவறு, மத்திய அரசின் தலையீடு தேவையாகவே இருந்தது என்று பக்லி ஒப்புக்கொண்டார். 2008 பிப்ரவரியில் அவர் காலமாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒப்புதல் அது. அதில் உண்மை இருந்தது என்றே நம்புகிறேன். ஆனால் பேட்டி ஒன்றின் ஓரிரு வாக்கியங்கள் அதற்குப் போதுமானவை அல்ல. அந்தத் தலையங்கம் எந்த இதழில் வந்ததோ அதே இதழில், அதே நீளத்தில், தம் பெயரிட்டு அவர் அதை எழுதியிருக்க வேண்டும்.