பழைய ஜன்னலச் சொரண்டாதீங்க, கலரு அப்புறம் பாத்துக்கலாம்

வளைகாப்பு தேதி குறிச்சாச்சுன்னா எங்க பக்கம் அடுத்த வேல வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறதுதான். சம்மந்தி வீட்டு ஆளுங்க வேன் புடிச்சு வந்து எறங்குவாங்க, ஹால் சுவரு எண்ணெப் பிசுக்கா இருந்தா நல்லாவா இருக்கும், அப்டியே பொண்ணும் புள்ளையும் படுக்கப்போற ரூமையும் ஒரு கோட்டிங் ஓட்டிருவோம்னு, பொண்ண உள்ள உக்கார வச்சிக்கிட்டே பெயிண்டருக்கு போனப் போட்டுருவாங்க. இதே வீட்லதான் புள்ளத்தாச்சி இருக்கறப்ப ஆணி அடிக்காத, சுவர இடிக்காதன்னு வகுப்பெடுக்கிற அத்தையும் இருப்பாங்க. ஆணி ஆகாது, பழைய பெயிண்டத் தேய்க்கிற எமரி ஷீட்டு மட்டும் ஆகும் போல.

என் தங்கச்சி மாசமா இருந்தப்ப எங்க வீட்லயும் இந்தப் பேச்சு வந்துச்சு. நான் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி எடுக்கிறவ, அதனால வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல. இப்பவும் தெரிஞ்சவங்க அடிக்கடி கேக்குறாங்க, அதான் இங்கயே எழுதிடுறேன்.

எல்லாரும் பயப்படுறது புது பெயிண்ட் வாசனைக்கு. அந்த பயத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப சுவத்துக்கு அடிக்கிற எமல்ஷன், டிஸ்டம்பர் எல்லாம் தண்ணி கலந்து அடிக்கிறது. இங்கிலாந்து அரசோட சுகாதார சேவையான என்ஹெச்எஸ்ஸே இந்தக் காலத்து சாதாரண வீட்டு பெயிண்டால வயித்துப் புள்ளைக்கு ஆபத்து வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மின்னுதான் சொல்லுது, மொத மூணு மாசம் உறுப்பெல்லாம் உருவாகுற நேரம்ங்கிறதால அது வரைக்கும் தள்ளிப் போட்டுக்கலாம்னு மட்டும் சேத்துச் சொல்லுது. கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடிக்கிற எனாமல் வேற. அதுல தின்னரோ டர்பென்டைனோ ஊத்தித்தான் அடிப்பாங்க, மூக்குல ஏறி தல சுத்துறதும் கொமட்டுறதும் அதனாலதான், அந்த நேரத்துல புள்ளத்தாச்சி அந்த வீட்லயே இருக்கக் கூடாது. மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டா போதும்னு நெனைக்காதீங்க, துணி மாஸ்க்கோ என்95ஓ இந்த ஆவியத் தடுக்காது. தூசியத் தடுக்கிற சாமான் ஆவிக்கு உதவாது, அவ்ளோதான் விஷயம்.

இப்ப நான் உண்மையிலயே பயப்படுற எடத்துக்கு வர்றேன். பழைய பெயிண்ட்.

எங்க அம்மா வீட்டு ஜன்னல் கம்பில ஒரு எடத்துல பெயிண்ட் பேந்து இருக்கும். மேல க்ரீம் கலர், அதுக்குள்ள பச்ச, அதுக்கும் உள்ள நல்ல மஞ்சள், அதுக்கப்புறம்தான் இரும்பு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கோட்டிங். இந்த உள்ள இருக்கிற பழைய எனாமல்லதான் ஈயம் இருக்கும். நம்ம நாட்ல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல, இருக்கக் கூடாதுன்னு 2016லதான் விதியே போட்டாங்க, அது 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அமெரிக்காவுல 1978லயே ஈயம் கலந்த வீட்டு பெயிண்டுக்கு தடை போட்டாச்சு. ஆக அந்த 2017க்கு முந்தி அடிச்ச எனாமல்ல ஈயம் இருக்குன்னே வச்சுக்கிட்டு நடந்துக்கிறதுதான் புத்தி.

அது பாட்டுக்கு கம்பில ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் பெரிய தொந்தரவு இல்ல. பெயிண்டர் வந்து தகட வச்சு சொரண்டி எமரி போட்டுத் தேய்க்கறப்பதான் வினையே. அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நைஸா பறந்து மெத்தையில, தலகாணில, கொடில காயுற துணில எல்லாம் போய் ஒக்காரும். மூச்சுலயும் கை வழியா வாயிலயும் உள்ள போற ஈயம் ரத்தத்துல கலந்து நஞ்சுக்கொடியத் தாண்டி கொழந்தைக்குப் போயிரும், வளர்ற மூளைக்கு அது விஷம். இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே கெடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இன்னொண்ணு, ஈயம் எலும்புல போய் வருஷக்கணக்கா தங்கும், மாசமா இருக்கறப்ப கொழந்தைக்கு கால்சியம் குடுக்கணும்னு ஒடம்பு எலும்ப கரைக்கும் பாருங்க, அப்ப அந்த பழைய ஈயமும் சேந்து வெளிய வரும். அதனாலதான் டாக்டர் குடுக்கிற கால்சியம் மாத்திரய முழுங்காம ஜன்னலுக்கு வெளிய வீசுற பொண்ணுங்கள பாத்தா எனக்கு கோவமா வருது.

இது ஒண்ணும் புதுசாக் கண்டுபுடிச்சதும் இல்ல. 1904லயே ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் ஊர்ல லாக்ஹார்ட் கிப்சன்னு ஒரு டாக்டரு, புள்ளைங்களுக்கு வர்ற ஈய நஞ்சு எங்கருந்து வருதுன்னு தேடி, வீட்டு வராண்டா கம்பில அடிச்ச பெயிண்ட்லருந்துன்னு எழுதி வச்சிட்டாரு. கைல ஒட்டும், கை வாய்க்குப் போகும். நம்ம வீட்லயும் எட்டு ஒம்போது மாசத்துல புள்ள மொத மொத புடிச்சு நிக்கிறது ஜன்னல் கம்பியத்தான், நின்ன ஒடனே அதுல வாய வைக்கும்.

எங்க வீட்டுக்கு வந்த பெயிண்டர் அண்ணன்ட்ட சொரண்ட வேணாம்னு சொன்னேன். "மேலயே அடிச்சா நிக்காதும்மா, ரெண்டு மழைக்கு உரிஞ்சிரும், அப்புறம் என்னயத்தான் குத்தம் சொல்லுவீங்க"ன்னாரு. அவரு தொழில்ல அவரு சொல்றது சரிதான். ஆனா நல்லா ஒட்டியிருக்கிற எடத்துல ஈரத்துணியால தொடச்சிட்டு மேலயே அடிச்சிக்கலாம், உரிஞ்ச எடம் இருந்துச்சுன்னா புள்ளத்தாச்சி அந்த வீட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, தண்ணியத் தெளிச்சு ஈரமாவே தேய்ச்சு, கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, மெத்த துணியெல்லாம் வெளிய எடுத்துட்டு முடிக்கணும். முடிச்சிட்டு வெளக்கமாத்தால கூட்டக் கூடாது, கூட்டுனா பொடி மறுபடி கெளம்பும், ஈர மாப்பு போட்டு ரெண்டு மூணு தடவ தொடைக்கணும். தொடைக்கிறது வேற யாராவது, அவ இல்ல. சுவத்துல பட்டி போட்டு தேய்க்கிற வெள்ளப் பொடில ஈயம் இல்லன்னாலும் அதையும் அவ மூச்சுல இழுக்க வேண்டியதில்ல. ஏணில ஏறி அலமாரி மேல இருக்கிற பாத்திரத்த எறக்குற வேலையும் வேணாம், வயிறு முன்னாடி வந்தப்புறம் பேலன்ஸ் பழைய மாதிரி இருக்காது.

எப்ப அடிக்கிறதுங்கிறதுதான் நம்ம ஊருக்குன்னே இருக்கிற சிக்கல். பிரசவம் ஆகி வந்ததும் தாயும் புள்ளையும் காத்து படக் கூடாதுன்னு ஜன்னல எல்லாம் சாத்தி, காதுல பஞ்ச வச்சு உக்கார வச்சிருவாங்க, போதாததுக்கு சாம்பிராணி வேற. ஒம்போதாம் மாசத்துல எனாமல் அடிச்ச ரூம்ல இப்டி பூட்டி வச்சா அந்த ஆவி எங்க போகும்? அதுவும் ஐப்பசி கார்த்திக மழைல அடிச்சா பெயிண்டு காயவும் காயாது, வாசனையும் போகாது. அதனால நாலு மாசத்துலருந்து ஆறு மாசத்துக்குள்ள முடிச்சிட்டு, வாரக்கணக்கா ஜன்னலத் தொறந்து ஃபேன ஓட விட்டு வச்சிட்டா நல்லது. எங்க தங்கச்சி மாமியார் வீட்ல இருக்கறப்பவே இங்க வேலய முடிச்சிட்டோம், அதுக்கு எங்க அம்மாவ சம்மதிக்க வைக்கிறதுதான் பெயிண்ட் அடிக்கிறத விட பெரிய வேலையா போச்சு.

கலரு பத்தி. இங்க ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு சொல்றது சட்டப்படி குத்தம், அதனால பிங்க்கா ப்ளூவான்னு சண்டையே இல்லாம எல்லாரும் மஞ்சள்ல போய் நிக்கிறோம். பழைய எனாமல்ல அந்த பளிச்சு மஞ்சளக் குடுத்ததே ஈயக் குரோமேட்டுங்கிற ஈயம் கலந்த சாயப்பொடிதான். இப்ப வாங்குறப்ப டப்பாவத் திருப்பி ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இல்லன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, விதிப்படி அது இருந்தே ஆகணும். நான் கேட்ட கடைல "எல்லாம் நல்ல பெயிண்டுதாங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. நம்பிக்க வேற, லேபிள் வேற. சும்மா கெடக்குதுன்னு வருஷக்கணக்கா பரண்ல வச்சிருக்கிற பாதி டப்பாவ மட்டும் தொறக்காதீங்க.

நாம ஒரு பொண்ணுக்கு இவ்ளோ பாக்குறோம், அந்த பெயிண்டர் வீட்லயும் ஒருத்தி மாசமா இருக்கலாம்ல. அவரு சட்டையில ஒட்டுன பொடிய அவங்கதான் தொவைக்கிறாங்க. அவருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் குடுக்கிறதும், சாப்புடறதுக்கு முன்னாடி கை கழுவ சோப்பு வைக்கிறதும், போறப்ப சட்டைய மாத்திக்க ஒரு எடம் குடுக்கிறதும் நமக்கு பெரிய செலவே இல்ல.

ஏற்கனவே அடிச்சாச்சு, நானும் அதே வீட்லதான் இருந்தேன், இப்ப என்ன பண்றதுன்னு கேக்குறவங்க ராத்திரி தூக்கத்தக் கெடுத்துக்க வேணாம். எமல்ஷன் வாசன கொஞ்ச நாள் வந்துச்சுங்கிறதுக்காக ஒண்ணும் ஆயிராது. பழச சொரண்டறப்ப பக்கத்துல இருந்திருந்தா மட்டும் டாக்டர்ட்ட மறைக்காம சொல்லுங்க, ரத்தத்துல ஈயம் எவ்ளோன்னு பாக்குற டெஸ்ட் இருக்கு, தேவப்பட்டா அவங்களே எழுதிக் குடுப்பாங்க. அப்புறம் தாத்தா காலத்து நடவண்டிய எறக்கி மிச்ச எனாமல்ல செவப்பு அடிச்சு வைக்கலாம்னு எங்க மாமா கெளம்புனாரு, அவரு கைலருந்து பிரஷ்ஷ வாங்கி வச்சிருக்கேன், இன்னும் குடுக்கல.